கங்கைச் சொம்பும் கிருமியுண்ணியும்

காசிக்கு வந்து திரும்பும் நம் ஊர்ப் பெரியவர்கள், வாய் அடைத்த கங்கைச் சொம்பு கையில் இல்லாமல் புகைவண்டி ஏறுவதில்லை. இராமேசுவரத்து மணலைப் பிரயாகையில் சேர்ப்பதும், கங்கை நீரைக் கொண்டுபோய் இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்விப்பதும் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். கான்பூரிலும் பாட்னாவிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில், பூஜை அலமாரியில் அத்தகைய சொம்பு ஒன்று இருக்கக் காணலாம். எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அந்நீர் கெடுவதில்லை என்று வீட்டு மூதாட்டியர் சொல்வர். அண்மைக் காலத்தில் இக்கூற்றுக்குப் புதியதொரு துணையும் கிடைத்திருக்கிறது. “கங்கையில் பாக்டீரியோபேஜ் இருக்கிறது, விஞ்ஞானிகளே கண்டு சொல்லிவிட்டார்கள், அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது” என்று, கைப்பேசியில் வந்த செய்தியைக் காட்டிப் படித்த இளைஞர்களும் பேசுகின்றனர்.

பாக்டீரியோபேஜ் கங்கையில் இருப்பது உண்மையே. அது காவிரியிலும் இருக்கிறது, கூவத்திலும் இருக்கிறது. தோட்டத்து மண்ணிலும், நம் குடலிலும், கடல்நீரின் ஒவ்வொரு துளியிலும் இருக்கிறது. கிருமி வாழும் இடமெங்கும் கிருமியைத் தாக்கும் இந்த வைரஸும் வாழ்கிறது. உலகிலுள்ள பேஜ்களின் தொகையை, ஒன்று என்ற எண்ணுக்குப் பின் 31 சுழிகள் இட்டு எழுத வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. ஆகவே ஓர் ஆற்றில் அது உண்டா என்று கேட்பதால் பயன் இல்லை. எவ்வகைப் பேஜ் இருக்கிறது, அது எக்கிருமியைக் கொல்லும், கொல்லாமல் அக்கிருமிக்கே துணைபோகுமா என்றுதான் கேட்க வேண்டும். துணைபோகும் பேஜும் உண்டு. வாந்திபேதிக் கிருமிக்கு அதன் நஞ்சைக் கொடுத்ததே ஒரு பேஜ்தான் என்றால் நம்மில் பலர் நம்பத் தயங்குவர்.

முதலில் கங்கையின் கதையை முடித்துவிடுவோம். எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேயர் 1892இல் இந்தியா வந்து, ஆக்ராவில் அரசாங்க இரசாயனப் பரிசோதகராகப் பணியாற்றினார். கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமிகளை விட்டுப் பார்த்தபோது, அவை மூன்று மணி நேரத்திற்குள் மடிந்துபோவதைக் கண்டார். கொதிக்கவைத்த ஆற்றுநீரில் அவை மடியவில்லை. இச்செய்தியை 1896இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் ஆராய்ச்சி ஏட்டில் வெளியிட்டார். அக்காலத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின், இதனைத் தம் பயண நூலில் எழுதவே, செய்தி உலகெங்கும் பரவிற்று.

ஹான்கின் கண்டது பேஜ்தான் என்று பலரும் இன்று எழுதுகின்றனர். நமக்கு அவ்வளவு உறுதி இல்லை. அவர் கட்டுரையிலேயே ஒரு தடை இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைத்தால் நீரின் ஆற்றல் போய்விட்டது. ஆனால் காற்றுப்புகாமல் மூடிய குழாயில் சூடாக்கியபோது அது போகவில்லை. ஆவியாகக்கூடிய ஏதோ ஒரு பொருளே கிருமியைக் கொல்கிறது என்று ஹான்கின் கருதியது இதனால்தான். மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும், கொதிநீரின் சூட்டை வாந்திபேதிப் பேஜ் தாங்காது. எனவே 1896ஆம் ஆண்டை பேஜ் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுவது அவசரம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆற்றுநீர் வேறு, பேஜ் வேறு. கங்கையில் பேஜ் இருப்பதை நம்பி அந்நீரைக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குப் புகட்டுவது பெருந்தவறு. நகரங்களின் சாக்கடை வந்து சேரும் நீரில் பேஜ் மிகுந்திருக்குமாயின், அதற்குக் காரணம் அங்கே கிருமியும் மிகுந்திருப்பதேயாகும்.

பேஜை ஐயமின்றிக் கண்டவர் இருவர். இலண்டனில் பிரெடெரிக் ட்வார்ட் என்பவர், தாம் வளர்த்த கிருமிக் கூட்டங்கள் கண்ணாடிபோல் தெளிந்து கரைந்துபோவதையும், எந்தக் கிருமியும் புகமுடியாத பீங்கான் வடிகட்டியின் வழியே அக்கரைக்கும் பொருள் ஊடுருவி வருவதையும் கண்டு 1915இல் வெளியிட்டார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அவருடைய கட்டுரையைக் கவனித்தவர் சிலரே. பாரிஸில் பெலிக்ஸ் தெரெல் என்பவர் சீதபேதியால் வருந்திய படைவீரர்களின் மலத்தை வடிகட்டி, அவ்வடிநீரைச் சீதபேதிக் கிருமிகளுடன் கலந்தார். கலங்கியிருந்த குழம்பு மறுநாள் தெளிந்திருந்தது. தட்டில் மெல்லிய படலமாக வளர்ந்திருந்த கிருமிகளிடையே, அந்துப்பூச்சி அரித்த துணியைப்போல் வட்டவட்டமான துளைகள் தோன்றின. வடிநீரை எவ்வளவுக்கெவ்வளவு நீர்த்துப்போகச் செய்தாரோ, அவ்வளவுக்குத் துளைகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் தனித்தனித் துளையின் தன்மை மாறவில்லை. கரைக்கும் பொருள் திரவமாக இருந்தால் இவ்வாறு நேராது. ஒவ்வொரு துளையும் ஒரு துகளின் வேலை என்று தெரெல் முடிவு செய்தார். அதற்கு ‘கிருமியைத் தின்பது’ என்ற பொருளில் பாக்டீரியோபேஜ் எனப் பெயரிட்டு 1917 செப்டம்பரில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்திற்கு அறிவித்தார்.

இது உயிர்ப்பொருளே அன்று, கிருமி தானே சுரந்துகொள்ளும் ஒரு நொதி என்று நோபல் பரிசு பெற்ற ஜூல் போர்தே போன்ற பெரியோர் மறுத்தனர். வாதம் இருபதாண்டுகளுக்கு மேல் நீண்டது. ஜெர்மனியில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் அமைக்கப்பட்டு, ஹெல்முட் ருஸ்கா முதலியோர் 1940இல் பேஜின் உருவத்தைப் படமாக எடுத்த பின்னரே அது அடங்கிற்று.

அந்த உருவம்தான் என்ன? மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியைத் தாக்கும் டி.4 என்ற பேஜை எடுத்துக்கொள்வோம். பட்டை தீட்டிய மணிபோன்ற தலை. அதன் கீழ் நேரான வால். வாலின் அடியில் ஒரு தட்டு. தட்டிலிருந்து சிலந்திக்கால்போல் மடிந்து நிற்கும் ஆறு நார்கள். முழு நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. தலைக்குள் டி.என்.ஏ. என்னும் மரபிழை சுருட்டித் திணிக்கப்பட்டிருக்கிறது. அவ்விழையை நீட்டினால் தலையின் நீளத்தைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு இருக்கும். ஒன்பது கெஜப் புடவையைத் தீப்பெட்டியில் மடித்துவைத்த நெசவாளர் கதையை நாம் கேட்டதுண்டு. இது அதனினும் நெருக்கமான மடிப்பு.

பேஜுக்குக் கால் இருந்தாலும் நடை இல்லை. நீரில் மிதந்து, தற்செயலாகக் கிருமியின்மேல் மோதுகிறது. நார்கள் தமக்குப் பொருந்திய பிடிமானத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும், காணாவிட்டால் விலகிவிடும். பூட்டும் சாவியும் போன்ற இப்பொருத்தமே, ஒரு பேஜ் ஓரினக் கிருமியை, பலசமயம் அவ்வினத்திலும் ஒருசில வகைகளை மட்டுமே தாக்குவதற்குக் காரணம். மனிதனின் உயிரணுவை அது தீண்டுவதில்லை. பற்றிய பின் வாலின் உறை சுருங்க, உள்ளிருக்கும் குழல் கிருமியின் சுவரைத் துளைக்கிறது. தலையிலுள்ள இழை அக்குழலின் வழியே உள்ளே செல்கிறது. வெறுங்கூடு வெளியே நிற்கிறது.

உள்ளே செல்வது இழை மட்டுமே என்பதை மெய்ப்பித்த சோதனை, நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பழக்கமான கருவியைக் கொண்டு செய்யப்பட்டது. அமெரிக்காவில் ஆல்பிரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பேஜின் கூட்டுப் புரதத்தைக் கதிரியக்கக் கந்தகத்தாலும், இழையைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் அடையாளமிட்டனர். பேஜ்கள் கிருமிகளைப் பற்றியதும் எல்லாவற்றையும் சமையலறை மிக்ஸியில் இட்டுச் சுழற்றினர். வெளியே ஒட்டியிருந்த கூடுகள் உதிர்ந்தன; கந்தகத்தில் பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. பாஸ்பரஸின் பெரும்பகுதி கிருமிகளுக்குள் தங்கியிருந்தது. மரபுச் செய்தி தங்குமிடம் புரதமன்று, டி.என்.ஏ.யே என்ற முடிவுக்கு 1952இல் வெளியான இச்சோதனை பெருந்துணையாயிற்று.

உள்ளே சென்ற இழை, கிருமியின் தொழிற்சாலையைத் தன் வசமாக்குகிறது. தலைகள் ஒருபுறம், வால்கள் ஒருபுறம், நார்கள் ஒருபுறம் எனச் செய்யப்பட்டுப் பின்னர் பொருத்தப்படுகின்றன. ஏறக்குறைய அரைமணி நேரத்தில் சுவரைக் கரைக்கும் நொதி வேலைசெய்ய, கிருமி வெடித்து நூறு இருநூறு பேஜ்கள் வெளிப்படும். நூறு என்றே கொண்டாலும் அடுத்த அரைமணியில் பதினாயிரம். அதற்கடுத்த அரைமணியில் பத்து இலட்சம். பால்பண்ணைகளில் ஆயிரக்கணக்கான லிட்டர் பால் உறையாமல் வீணாவதுண்டு. உறைக் கிருமிகளைப் பேஜ் அழிப்பதே அதற்கு ஒரு காரணம் என்பது 1935இல் நியூசிலாந்தில் தெளிவாயிற்று. (தில்லிக் குளிர்காலத்தில் வீட்டுத் தயிர் உறையாதபோது பேஜின்மேல் பழி சுமத்த வேண்டாம், பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றிவைத்தால் போதும்.) தயிர்க் கிருமிகள் பேஜிடமிருந்து தப்பும் வழியை ஆராய்ந்ததிலிருந்தே, பழைய பகைவனின் இழைத்துண்டைத் தன் இழையில் குறித்துவைத்து, அது மீண்டும் வந்தால் வெட்டியெறியும் கிரிஸ்பர் என்னும் காவல்முறை 2007இல் மெய்ப்பிக்கப்பட்டது.

இதுவரை சொன்னது கொல்லும் பேஜின் கதை. இனி வருவது குடிபுகும் பேஜின் கதை. அதுவே நம் நாட்டுக்கு மிகவும் நெருங்கியது. லாம்ப்டா என்ற பேஜ் உள்ளே சென்றதும் கிருமியைக் கொன்றே தீரவேண்டும் என்பதில்லை. அதன் இழை, கிருமியின் இழையோடு இணைந்து உறங்கக்கூடும். கிருமி இரண்டாகப் பிரியும்போது அதுவும் இரண்டாகி, மக்களுக்கும் பேரர்க்கும் சொத்துப்போல் இறங்கும். கிருமிக்கு ஆபத்து நேர்ந்தால், சான்றாகப் புற ஊதாக் கதிர் பட்டால், உறக்கம் கலைந்து பேஜ்களைப் பெருக்கிக் கிருமியை வெடிக்கச் செய்து வெளியேறும். லாம்ப்டாவைக் கண்டவர் அமெரிக்கரான எஸ்தர் லெடர்பர்க் அம்மையார். இவ்வுறக்கத்தின் இயல்பை 1950ஐ ஒட்டிப் பாரிஸில் ஆராய்ந்த ஆந்த்ரே ல்வோப் 1965இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

குடிபுகுந்தவன் சும்மா இருப்பதில்லை. தான் கொண்டுவந்த மரபுச் செய்தியால் வீட்டுக்காரனின் குணத்தையே மாற்றிவிடுவான். தொண்டை அடைப்பான் கிருமிகளில் சில நஞ்சு சுரக்கும், சில சுரக்கா. நஞ்சில்லாத கிருமியில் குறிப்பிட்ட பேஜ் குடிபுகுந்தால் அதுவும் நஞ்சு சுரக்கத் தொடங்குவதை அமெரிக்காவில் விக்டர் பிரீமன் 1951இல் காட்டினார். வாந்திபேதிக்கு வருவோம். ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து 1884இல் அந்நோயின் கிருமியை உறுதிசெய்தார். கிருமி எவ்வாறு கொல்கிறது என்பது அதன்பின் 75 ஆண்டுகள் விளங்கவில்லை. கல்கத்தாவில் எளிய ஆய்வுக்கூட வசதிகளோடு உழைத்த சம்புநாத் டே, கிருமிகளை முற்றும் வடித்து நீக்கிய நீரே முயலின் குடலில் நீர்ப்பெருக்கை உண்டாக்குவதை 1959இல் காட்டினார். நோயாளியின் உடலை வற்றச்செய்வது கிருமி சுரக்கும் நஞ்சே என்று புலனாயிற்று. அவருடைய வாழ்நாளில் அவருக்குரிய பெருமை போதிய அளவு செய்யப்படவில்லை என்பது நம் கருத்து. அவர் 1985இல் காலமானார்.

அந்நஞ்சுக்குரிய மரபுச் செய்தி, கிருமியின் பிறவிச் சொத்தன்று. அது பேஜ் கொண்டுவந்த சீதனம். இதனை 1996இல் அமெரிக்காவில் மாத்யூ வால்டரும் ஜான் மெக்கலனாஸும் கண்டனர். அந்தப் பேஜ் தலையும் வாலும் அற்ற மெல்லிய நூல். வெளியேறும்போதும் கிருமியைக் கொல்லாமல் நூலாக நழுவிச் செல்வது. அதே வாந்திபேதிக் கிருமியைக் கொல்லும் வேறு பேஜ்களும் வங்காளத்து நீர்நிலைகளில் உள்ளன. டாக்காவில் ஷா பரூக் முதலியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, கொல்லும் பேஜ்கள் நீரில் மிகும் காலத்தில் நோய் தணிகிறது. அவை குறையும் காலத்தில் நோய் எழுகிறது. ஒரே குளத்தில், ஒரே கிருமிக்கு, நஞ்சு ஊட்டுவதும் நமன் ஆவதும் பேஜே. ‘நீரில் பேஜ் உண்டு’ என்ற ஒரு சொல்லால் நாம் எதையும் அறிந்தவர்களாகோம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஆகவே பேஜ்களை வகை பிரித்தறிவது அவசியமாகிறது. தெரெல் தம் காலத்தில் பேஜ் ஒரே இனம் என்று நம்பி, அதற்கு ஒரே பெயர் சூட்டியிருந்தார். ஆஸ்திரேலியாவில் மக்பர்லேன் பர்னெட் முதலியோர் பல்வேறு இனங்கள் உண்டு என்று காட்டினர். மைக்ராஸ்கோப்பில் உருவங்கள் தெரியத் தொடங்கியதும், உருவமே சாதிக்கு அடையாளமாயிற்று. வாலுடையவை, உருண்டையானவை, நூல்போன்றவை எனத் தொடங்கி, 1967இல் பிராட்லி என்பவர் ஆறு வடிவங்களாக வகுத்தார். வாலுடையவற்றிலும் மூன்று குடும்பங்கள் குறிக்கப்பட்டன: டி.4 போலச் சுருங்கும் வால், லாம்ப்டா போலச் சுருங்காத நீண்ட வால், டி.7 போன்ற குட்டை வால். கனடாவின் ஆக்கர்மன் 2007இல் கணக்கெடுத்தபோது, அதுவரை பார்க்கப்பட்ட 5,500க்கு மேற்பட்ட பேஜ்களில் நூற்றுக்கு 96 வாலுடையவையாக இருந்தன.

எஞ்சியவை சிலவே ஆயினும் புகழில் குறைந்தவையல்ல. எம்.எஸ்.2 என்பது டி.என்.ஏ.வே இல்லாமல் ஆர்.என்.ஏ. இழை ஒன்றோடு வாழும் சிறு உருண்டை. 3,569 எழுத்துக்களே கொண்ட அதன் மரபுச் செய்தி 1976இல் முற்றும் படிக்கப்பட்டது. ஒரு வைரஸின் மரபுச் செய்தி முழுமையாகப் படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. மறு ஆண்டில் பிரெடெரிக் சாங்கர் பை எக்ஸ் 174 என்ற பேஜின் சுமார் 5,400 எழுத்துக்களைப் படித்தார், டி.என்.ஏ. உடையவற்றில் அதுவே முதல்.

படிக்கக் கற்றதும் பழைய குடும்பங்கள் கலைந்தன. பி.22 என்பது குட்டை வால் பேஜ். லாம்ப்டா நீண்ட வால் பேஜ். உருவத்தைக் கண்டவர் இரண்டையும் வெவ்வேறு குடும்பத்தில் வைத்திருந்தனர். மரபுச் செய்தியைப் படித்தால் இரண்டும் நெருங்கிய உறவினர் என்று தெரிகிறது. மாறாக, ஒரே குடும்பம் என்றிருந்த பல, ஒன்றோடொன்று ஓர் எழுத்தும் ஒவ்வாமல் நின்றன. எனவே வைரஸ் வகைப்பாட்டுக்கான சர்வதேசக் குழு, வாலின் நீளத்தால் அமைந்த அம்மூன்று குடும்பங்களையும் 2022இல் நீக்கிவிட்டது. நிறத்தையும் மூக்கையும் பார்த்து உறவு சொல்லும் பாட்டிமார் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களும் பலசமயம் ஏமாறுவர். இப்போது வாலுடைய பேஜ்கள் யாவும் ‘காடோவிரிசீட்ஸ்’ என்ற ஒரு வகுப்பில் அடங்குகின்றன. குடும்பங்கள் இழையின் ஒப்புமையால் அமைகின்றன. மேல்நிலைப் பிரிவில் அதனினும் வியப்பு. இழையைத் தலைக்குள் திணிக்கும் முறையிலும் தலையோட்டின் புரதமடிப்பிலும் ஒத்திருப்பதால், வாலுடைய பேஜ்களும் சின்னம்மை வைரஸ் சேர்ந்த ஹெர்ப்பிஸ் கூட்டமும் ஒரே பேரரசில் வைக்கப்பட்டுள்ளன. செடிகொடிகளுக்கு உள்ளதுபோல் இரட்டைப் பெயரிடும் முறையும் 2021 முதல் வந்துவிட்டது. லாம்ப்டாவின் இனப்பெயர் ‘லாம்ப்டாவைரஸ் லாம்ப்டா’.

இந்த வகைப்பாடு ஏட்டளவில் நிற்பதன்று. பேஜைக் கொண்டு நோய் தீர்க்க முயன்ற வரலாறு நம் நாட்டில் நீண்டது. தெரெல் தாமே 1927ஐ ஒட்டி இந்தியா வந்து பஞ்சாபில் வாந்திபேதிக்குப் பேஜைக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் அசாமில் ஷில்லாங் பாஸ்டர் நிலையத்தார், நௌகாங் பகுதிக் கிராமங்களுக்குப் பேஜ் குப்பிகளை வழங்கி, வழங்காத ஹபிகஞ்ச் பகுதியோடு ஒப்பிட்டு வந்தனர். நம்பிக்கை எழுந்ததே அன்றி முடிவு ஐயமற நிலைபெறவில்லை. 1970ஐ ஒட்டி டாக்காவில் நடந்த ஆய்வில் டெட்ராசைக்ளின் மருந்துக்குப் பேஜ் ஈடாகவில்லை. வாந்திபேதி நோயாளிக்கு முதல் உயிர்காப்பு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரே. 1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் திலீப் மஹலனாபிஸ் அதனை நடைமுறையில் காட்டினார். இல்லந்தோறும் அப்பொட்டலம் இருக்கட்டும்.

ஆயினும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் இந்நாளில் பேஜின்மேல் மருத்துவர் பார்வை மீண்டும் விழுந்திருக்கிறது. அங்கேதான் வகைப்பாடு நோயாளியின் உயிரோடு சம்பந்தப்படுகிறது. கொல்லும் பேஜையே கொடுக்க வேண்டும்; குடிபுகுவதைக் கொடுத்தால் கிருமி பிழைப்பதோடு, புதிய நஞ்சையும் பெறக்கூடும். வாலின் நீளம் இதைச் சொல்லாது. இழையைப் படித்தே அறிய வேண்டும். 2018இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில், நுரையீரல் மாற்றப்பட்ட பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, எம்மருந்துக்கும் அடங்காத காசக்கிருமி இனத்து நோயால் வருந்தினாள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து கிரஹாம் ஹாட்புல் குழுவினர், தாம் சேர்த்துவைத்திருந்த பேஜ்களில் தேடி மூன்றை அனுப்பினர். அம்மூன்றில் இரண்டு குடிபுகும் வகை. உறக்கத்தைக் காக்கும் மரபுக்கூறு எது என்று இழையைப் படித்துத் தெரிந்திருந்தமையால், அதனை வெட்டி நீக்கிக் கொல்லும் பேஜாக மாற்றியே அனுப்பினர். ஆறு மாதத்தில் மார்பின் அறுவைக் காயம் மூடியது, கல்லீரல் தேறியது, ஆயினும் நோய் அடியோடு நீங்கிற்று என்று மருத்துவர் சொல்லவில்லை. மூன்றாவது பேஜுக்கு எந்தத் திருத்தமும் வேண்டியிருக்கவில்லை. பிறவியிலேயே அது கொல்லும் வகை. அது கிடைத்த இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், குப்பையில் அழுகிக் கிடந்த ஒரு கத்தரிக்காயின் அடிப்புறம்.